தட்டிக்கு அந்தப் பக்கம்

ஏற்காட்டில் நம் பள்ளியின் நீண்ட ஓட்டுக் கட்டடத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் தோன்றுவது மூன்றாம் வகுப்பறையின் நடுவே நிறுத்தப்பட்ட மூங்கில் தட்டியே. காலை வழிபாடு முடிந்ததும் பெரிய பையன்கள் இருவர் வந்து அதைத் தூக்கி நிறுத்துவார்கள். கத்தோலிக்கப் பிள்ளைகள் மாதா படம் மாட்டியிருந்த பக்கத்தில் ஞானோபதேசம் என்ற மறைக்கல்விக்கு உட்காருவோம். மற்றப் பிள்ளைகள் சன்னல் பக்கத்தில் நீதிபோதனைக்கு உட்காருவார்கள். அரை மணி நேரம் கழிந்ததும் தட்டியைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, எல்லாரும் ஒன்றாகச் சேர்ந்து கணக்குப் போடத் தொடங்குவோம். 1970 முதல் 1975 வரை நான் அங்கே படித்தேன். பின்னாளில் இங்கிலாந்தில் ஒரு கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்து, சமயக் கல்வியைக் கற்பிப்பதிலேயே என் பணிக்காலத்தின் பெரும்பகுதியைக் கழித்தேன். பள்ளி மலருக்கு ஒரு கட்டுரை எழுதும்படி பழைய மாணவர் சங்கத்தார் கேட்டபோது, அந்தத் தட்டியின் இரு பக்கமும் நான் கற்றுக்கொண்டதை எழுதுவதுதான் முறை என்று முடிவுசெய்தேன்.

எங்கள் பக்கம் பதினேழு பேர் இருந்தோம். அந்தப் பக்கம் அதைவிடக் கூடுதல். காபித் தோட்டத்துக் கூலிக்காரர்களின் பிள்ளைகள், மலையாளி என்னும் இந்த மலையின் பழங்குடிக் குடும்பங்களிலிருந்து காட்டுவழியாக நடந்து வருகிறவர்கள், கடைவீதியில் பலசரக்குக் கடை வைத்திருந்த முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளைகள் என்று பலரும் அங்கே இருந்தார்கள். காபிப் பழம் பறிக்கும் மாதங்களில் இரண்டு பக்கமும் பாதி காலியாகிவிடும். என் பெஞ்சுத் தோழி மலையாளிப் பெண். கணக்கிலும் தமிழிலும் என் தோளை ஒட்டி உட்காருகிறவள், அந்த அரை மணி நேரம் மட்டும் தட்டிக்கு அப்பால் போய்விடுவாள். மூங்கில் தட்டி கண்ணைத்தான் மறைக்கும். அவர்களுக்குச் சொன்ன கதைகள் எங்களுக்கும், நாங்கள் ஒப்பித்த மந்திரங்கள் அவர்களுக்கும் ஒரு சொல் விடாமல் கேட்கும்.

ஞானோபதேசம் என்றால் அன்று பெரும்பாலும் மனப்பாடம்தான். சிஸ்டர் கேள்வியைச் சொல்ல, நாங்கள் விடையை ராகம் போட்டுச் சொல்வோம். இந்த முறை நம் மண்ணில் மிகப் பழையது. 1540களில் முத்துக்குளித்துறையில் புனித சவேரியார் மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டி, தமிழில் பெயர்த்த செபங்களைச் சொல்லிக்கொடுத்து, அதைப் பெற்றோருக்கும் சொல்லித்தரும்படி வீட்டுக்கு அனுப்பினார். 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ பதினாறு பக்கமே உள்ள ஞானோபதேச நூல். அதற்கு அடுத்த ஆண்டு கொச்சியில் அச்சான ‘கிரிசித்தியானி வணக்கம்’ ஆசிரியரும் மாணவரும் பேசிக்கொள்ளும் கேள்வி விடையாகவே அமைந்தது. தமிழ் எழுத்து இந்திய மண்ணில் அச்சேறியதே எங்களைப் போன்ற பிள்ளைகள் பாடம் ஒப்பிப்பதற்காகத்தான் என்பதைப் பல ஆண்டுகள் கழித்து அறிந்தபோது, குளிரில் பற்கள் தந்தியடிக்க நாங்கள் சொன்ன விடைகள்மேல் எனக்குப் புதிய மரியாதை பிறந்தது.

வீட்டில் எனக்கு இன்னொரு சிக்கல் இருந்தது. என் பாட்டி, 1930இல் சேலம் தனி மறைமாவட்டமாவதற்கு முன்பே ஒரு பிரெஞ்சுச் சாமியாரிடம் ஞானஸ்நானம் பெற்றவர். அவர் வாயில் ‘சர்வேசுரன்’, ‘சேசு’, ‘இஸ்பிரீத்து சாந்து’, ‘பூசை’, ‘நன்மை’ என்ற சொற்களே வரும். திருச்சபை வழிபாட்டைப் புதுப்பித்த ஆயர்களின் பெருங்கூட்டமான இரண்டாம் வத்திக்கான் சங்கம் முடிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த அந்தக் காலத்தில் சிஸ்டர் கற்பித்ததோ ‘கடவுள்’, ‘இயேசு’, ‘பரிசுத்த ஆவி’, ‘திருப்பலி’, ‘நற்கருணை’ என்ற சொற்கள். பாட்டியின் சாமியும் சிஸ்டரின் சாமியும் வேறு வேறா என்று நான் வகுப்பில் எழுந்து கேட்டேன். சிஸ்டர் கோபிக்கவில்லை. “நீ உன் அப்பாவை அப்பா என்கிறாய், உன் பாட்டி அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார், தோட்டத்தில் அவரை மேஸ்திரி என்கிறார்கள். வீட்டுக்கு வருகிற ஆள் ஒருவர்தானே?” என்றார். தட்டிக்கு அந்தப் பக்கமும் ஒரு கணம் அமைதியாயிற்று. அவர்களும் அந்த விடையைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்குத் தெரிந்தது.

தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதன் அன்று நடந்ததும் அப்படியே மனத்தில் நிற்கிறது. குருத்தோலை ஞாயிறுக்கு வேண்டிய ஓலை மலைமேல் கிடைக்காது. தென்னை வளராத குளிர் அது. சேலத்திலிருந்து பேருந்தில் கட்டுக் கட்டாக ஏறிவரும் ஓலையைச் சிலுவையாக முடைந்து, ஓர் ஆண்டு முழுவதும் வீட்டு நிலைப்படியில் செருகி வைப்போம். தவக்காலம் நெருங்கும்போது காய்ந்துபோன அந்தச் சிலுவைகளைப் பள்ளிக்குக் கொண்டுவரச் சொல்லி, எரித்துச் சாம்பலாக்குவார்கள். அந்தச் சாம்பலை நெற்றியில் வாங்கிக்கொண்டு வகுப்புக்குள் நுழைந்தபோது, என் தோழி பார்த்துவிட்டு, “இன்னைக்கு நீயும் துந்நூறு வெச்சுக்கிட்டியா?” என்று மகிழ்ச்சியோடு கேட்டாள். மண்ணாக இருக்கிற மனிதர் மண்ணுக்கே திரும்புவார் என்று எனக்குச் சொன்னதை அவளிடம் சொன்னேன். தன் தாத்தாவும் அதைத்தான் சொல்வார் என்றாள். அந்த ஆண்டு மே மாதம், சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு அவள் வீட்டார் என்னையும் அழைத்துப் போனார்கள். குனிந்து நுழைய வேண்டிய அந்தக் குகைக்கோயிலின் வாசலில், நான் உள்ளே வரலாமா என்று அவள் தகப்பனாரைக் கேட்டேன். “கும்புடறதும் கும்புடாததும் உன் இஷ்டம் கண்ணு, பாத்துட்டு வா” என்றார். எந்தப் பாடப் புத்தகத்திலும் அவர் படித்ததில்லை.

மூன்றாம் வகுப்பு எங்களுக்குப் புது நன்மைக்கு, அதாவது முதல் நற்கருணைக்கு, தயாரிக்கும் வகுப்பு. ஏழு வயது அளவில் புத்தி விவரம் தெரிந்த பிள்ளைகள் நற்கருணை வாங்கலாம் என்று திருத்தந்தை பத்தாம் பயஸ் 1910இல் வகுத்த ஏற்பாடு, எங்கள் மலைப் பள்ளி வரைக்கும் வந்து சேர்ந்திருந்தது. அதற்கு முன் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் முதல் பாவசங்கீர்த்தனம். அதற்கு வேண்டியவை ஐந்து என்று ஒப்பித்தோம்: ஆத்தும சோதனை, மனஸ்தாபம், பிரதிக்கினை, பாவசங்கீர்த்தனம், அபராதம். சொற்கள் மணிமணியாக நாவில் உருண்டன. பொருள் பாதிகூட விளங்கவில்லை. மனப்பாடத்தின் குறை அது என்பதை நான் மறுக்கவில்லை. மூச்சு வாங்காமல் ஒப்பிக்கிற பிள்ளைக்கே மதிப்பெண் என்ற நிலை, பல பிள்ளைகளைக் கிளிகளாகவே விட்டுவிட்டது.

அந்தத் தவக்காலத்தில் நான் ஒரு பல்பத்தைத் திருடினேன். சேலம் போய்வந்த தகப்பனார் என் தோழிக்கு வாங்கிவந்த, வண்ணக் காகிதம் சுற்றிய நீளமான பல்பம் அது. அவள் நீதிபோதனைக்குத் தட்டியின் அந்தப் பக்கம் போயிருந்தபோது, இந்தப் பக்கம் கிடந்த அவள் பையிலிருந்து எடுத்தேன். திருடாதே என்ற கட்டளையை ஒப்பித்துக்கொண்டிருந்த நேரத்திலேயே எடுத்தேன் என்பதை இன்றும் என்னால் எளிதில் சொல்ல முடிவதில்லை. வீட்டில் வைத்து எழுதித் தீர்த்துப் பாதியாக்கினேன். முதல் பாவசங்கீர்த்தனத்தில் மற்றச் சில்லறைகளோடு இதையும் சேர்த்துச் சொன்னேன். சாமியார் மற்றவற்றை விட்டுவிட்டு, “அதை அவளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டாயா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “முதலில் கொடு. பிறகு மூன்று அருள் நிறைந்த மந்திரம் சொல்” என்றார்.

மறுநாள் தட்டியை எடுத்தபின், தேய்ந்த பல்பத்தை அவள் கையில் வைத்தேன். அவள் அதை நெடுநேரம் பார்த்தாள். “நீ எடுத்தது எனக்கு அன்னைக்கே தெரியும் புள்ள. சாமியாரு சொன்னாத்தான் குடுப்பியா?” என்றாள்.

ஞானோபதேசத்தில் நான் கற்ற எல்லா விடைகளையும்விட அந்தக் கேள்வி பெரியது என்று உறுதியாக நம்புகிறேன். சமயக் கல்வி பெறும் ஒவ்வொரு பிள்ளையிடமும், அதைத் தரும் ஒவ்வொரு பள்ளியிடமும் கேட்கத்தக்க கேள்வி அது. நான் அழுதுகொண்டே போய் சிஸ்டரிடம் சொன்னேன். அவர் என்னை அருகில் நிறுத்தி, அந்த ஐந்தையும் வரிசையாகச் சொல்லச் சொன்னார். முதலாவது எது என்று கேட்டார். “ஆத்தும சோதனை” என்றேன். “அந்த இடத்தில் சாமியார் இருக்கிறாரா?” என்றார். இல்லை, அங்கே நான் மட்டுமே இருந்தேன். நெஞ்சில் பொருளின்றிக் கிடந்த ஒரு சொல் அன்றுதான் எனக்குத் திறந்தது. மனப்பாடத்தை முற்றிலும் தள்ளிவிடக் கூடாது என்று நான் இன்றும் வாதாடுவது இதனால்தான்: அந்தச் சொல் ஏற்கெனவே என்னிடம் இல்லாதிருந்தால், சிஸ்டர் எதைத் திறந்து காட்டியிருப்பார்?

அதன்பின் வெள்ளிக்கிழமைதோறும் தட்டியை எடுப்பதற்கு முன் ஐந்து நிமிடம் கண்ணை மூடி உட்காரும் வழக்கத்தை சிஸ்டர் கொண்டுவந்தார். நாங்கள் மௌனமானால் அந்தப் பக்கமும் மௌனமாகத்தானே வேண்டும்? நீதிபோதனை டீச்சரும் தம் பிள்ளைகளைக் கண்ணை மூடச் சொன்னார். வெளியே சில்வர் ஓக் மரங்களிலிருந்து பனித்துளி ஓட்டின்மேல் சொட்டும் ஒலி மட்டும் கேட்கும். ஒரே கூரையின் கீழ் நாற்பது பிள்ளைகள், அவரவர் அந்த வாரம் செய்ததை அவரவரே நினைத்துப் பார்த்த அந்த ஐந்து நிமிடத்தைவிடச் சிறந்த பாடத்தை என் பணிக்காலத்தில் நான் நடத்தியதில்லை.

ஒரு மனக்குறையையும் சொல்லவேண்டும். ஆண்டிறுதியில் மறைக்கல்வித் தேர்வு நடந்தது. வாய்மொழித் தேர்வில் எங்கள் பக்கம் யாருக்கும் தெரியாத ஒரு விடையைத் தட்டிக்கு அப்பாலிருந்து என் தோழியின் குரல் தெளிவாகச் சொன்னது. தேர்வு நடத்த வந்திருந்தவர் அந்தக் குரலை அடக்கிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். பரிசு எனக்குக் கிடைத்தது. ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகளுக்கான தேர்வு அது என்ற விதி நியாயமானதே. ஆனாலும் ஒரு பிள்ளை விரும்பிக் கற்றதைப் பாராட்ட ஒரு சொல்லாவது அன்று சொல்லியிருக்கலாம். பரிசாக வந்த மாதா படத்தை அவளுக்குக் காட்டாமல் மூன்று நாள் ஒளித்து வைத்திருந்தேன்.

பின்னர் படித்தபோதுதான், அந்தத் தட்டிக்குப் பின்னே சட்டமும் இருந்தது புரிந்தது. அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில் எந்தப் பிள்ளையையும் பெற்றோரின் சம்மதமின்றிச் சமயப் போதனையில் பங்கேற்கவைக்கக் கூடாது என்று நம் அரசியலமைப்பின் 28ஆம் உறுப்பு சொல்கிறது. சிறுபான்மையினர் தம் பள்ளிகளை நிறுவி நடத்தும் உரிமையை 30ஆம் உறுப்பு காக்கிறது. இந்த இரண்டையும் ஒரு சேரக் காப்பாற்ற நம் சிஸ்டர்கள் கண்ட வழி ஒரு மூங்கில் தட்டி. கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கையையும் பிற சமயங்களோடு திருச்சபைக்குள்ள உறவு பற்றிய அறிக்கையையும் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28 என்ற ஒரே நாளில் வெளியிட்டது என்று ஆசிரியப் பயிற்சியில் படித்த அன்றும், என் கண்முன் அந்தத் தட்டியே நின்றது.

இங்கிலாந்தில் தட்டி இல்லை. கத்தோலிக்கப் பள்ளிகளில் பாட நேரத்தில் 10 விழுக்காடு சமயக் கல்விக்கு உரியது. பிள்ளையை விலக்கிக்கொள்ளப் பெற்றோருக்கு உரிமை உண்டு. ஆனாலும் என் வகுப்பில் முஸ்லிம், இந்து, சீக்கியப் பிள்ளைகள் எல்லாரும் கத்தோலிக்கப் பிள்ளைகளோடு ஒன்றாகவே உட்கார்ந்து கற்றார்கள். 2023இல் ஆயர்கள் வெளியிட்ட புதிய பாடத்திட்டத்தின் ஆறு கிளைகளில் ஒன்று, பிற சமயத்தவரோடு உரையாடுவதற்கே ஒதுக்கப்பட்டுள்ளது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் எல்லாவற்றையும் பொதுப் பண்புகளாகக் கரைத்து, எந்தச் செபத்தையும் முழுதாகச் சொல்லத் தெரியாத கத்தோலிக்கப் பிள்ளைகளையும் அங்கே கண்டேன். தன் வீட்டு விளக்கையே ஏற்றத் தெரியாத பிள்ளைக்கு அடுத்த வீட்டு விளக்கைப் பற்றி என்ன சொல்லிப் புரியவைப்பது? அதனால் நான் அவர்களுக்கு மந்திரங்களைக் கற்பித்தேன். மற்றப் பிள்ளைகள் அவற்றைக் கேட்டபடி தங்கள் வீட்டு வழிபாட்டைப் பற்றி எழுதினார்கள். வெள்ளிக்கிழமைகளில் ஐந்து நிமிடம் எல்லாரும் கண்ணை மூடினோம்.

சென்ற தவக்காலத்தில் என் தோழியோடு தொலைபேசியில் பேசினேன். அவள் பேத்தி இப்போது நம் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. மூங்கில் தட்டி போய்ப் பலகைத் தடுப்பு வந்துவிட்டதாம். “இவளையும் அந்தப் பக்கம்தான் உக்கார வெக்கறாங்க” என்றாள். “கேக்குதான்னு கேட்டேன். எல்லாமே கேக்குதுங்கிறா.”