900 டிகிரியில் எந்த உலோகம் தாங்குகிறது: இதுவரை பார்த்தது

சின்ன மின் உலைக்குள் வைக்கும் தாங்கியையும் கொக்கிகளையும் எதில் செய்யலாம் என்று பார்க்க, சாதா இரும்பு, எஸ்.எஸ். 304 (குரோமியம் கலந்த துருப்பிடிக்காத எஃகு), காந்தால் கம்பி (உலைகளைச் சூடாக்கும் மின்கம்பி) மூன்றையும் 900 டிகிரி செல்சியஸில் சூடாக்கி, ஆறியதும் எடை போட்டு வருகிறேன்.

சாதா இரும்பு எதிர்பார்த்தபடியே ஆனது. 570 டிகிரிக்கு மேல் வூஸ்டைட் என்ற ஆக்சைடு உருவாகிறது. அது அணுக்கள் இல்லாத காலி இடங்கள் நிறைந்த படிகம். இரும்பு அயனிகள் அதன் வழியே வெளியே வந்துகொண்டே இருக்கும். கறுப்புச் செதில் தட்டுத் தட்டாக உதிர்ந்தது. அதோடு விட்டுவிட்டேன்.

304 தான் சுவாரசியம். ஒரு துண்டை உலையிலேயே விட்டேன். இன்னொன்றை அதே மொத்த நேரத்துக்கு, ஆனால் அடிக்கடி வெளியே எடுத்து ஆறவிட்டுச் சூடாக்கினேன். முதல் துண்டில் கருஞ்சாம்பல் படலம் ஒட்டியபடி இருக்கிறது, எடை லேசாகக் கூடியிருக்கிறது. இரண்டாவதில் ஓரங்களில் பொடி உதிர்ந்து எடை குறைந்துவிட்டது. அட்டவணைகளும் இதையேதான் சொல்கின்றன: தொடர்ந்து சூட்டிலேயே இருந்தால் 925 டிகிரி வரை, ஏறி இறங்கினால் 870 வரைதான். காரணம், 304 விரிந்து சுருங்கும் அளவு அதன் மேலுள்ள குரோமியம் ஆக்சைடைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆறும்போது உலோகம் அதிகம் சுருங்க, படலம் நசுங்கிப் பெயர்கிறது. புதுப் படலம் உருவாக, அடியிலிருக்கும் குரோமியம் செலவாகிறது. அது தீர்ந்தால் இரும்பே ஆக்சைடாகத் தொடங்கும், அப்புறம் கதை முடிந்தது. 18 சதவீதம் குரோமியம் இருக்கிறதே என்று நம்பி உட்கார முடியாது.

காந்தால் ஏ-1 இரும்பு, 22 சதவீதம் குரோமியம், 5.8 சதவீதம் அலுமினியம் கலந்தது. இதைக் காப்பது அலுமினா, அதாவது அலுமினியம் ஆக்சைடுப் படலம். குரோமியம் ஆக்சைடு 1000 டிகிரிக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகவும் செய்யும்; அலுமினாவுக்கு அந்தத் தொல்லை இல்லை, வளர்வதும் மிக மெதுவாக. அதனால்தான் கம்பி 1400 டிகிரி வரை போகிறது. முதல் பயன்பாட்டுக்கு முன் காய்ந்த காற்றில் 1050 டிகிரியில் 7 முதல் 10 மணி நேரம் வைக்கச் சொல்வார்கள். அப்படிச் செய்ததும் பளபளப்பு போய் மங்கிய வெளிர்சாம்பல் நிறம் வந்தது. அதற்குப் பிறகு 900-இல் எத்தனை முறை ஏற்றி இறக்கினாலும் என் தராசில் எடை மாறவில்லை.

சரி, குறை? ஒருமுறை நன்றாகச் சூடானால் படிகத் துகள்கள் பெருத்து, ஆறிய கம்பி மொறுமொறுப்பாகிவிடும், வளைத்தால் முறியும். கொக்கியின் வடிவத்தை முதலிலேயே முடித்துவிட வேண்டும். அடுத்து நிக்ரோம் 80/20 (80 சதவீதம் நிக்கல், 20 சதவீதம் குரோமியம்) போடப் போகிறேன். தாங்கும் வெப்பம் 1200 தான் என்றாலும், சூடுபட்ட பிறகும் வளையும். என் உலைக்கு அதுவே போதும் என்று தோன்றுகிறது.