ஓடிடி என்றால் சினிமா மட்டுமல்ல

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் கல்யாண மேடை அலங்காரத்தைப் பார்த்து யாராவது "ஓடிடி" என்றால், சென்னையிலிருந்து வந்த உறவினர் வீட்டில் படம் பார்க்கும் ஓடிடி என்று குழம்புவார். மேடையைச் சொன்ன ஓடிடி, 'ஓவர் தி டாப்' என்ற ஆங்கிலத் தொடரின் சுருக்கம். நம் பேச்சில், "ரொம்ப ஓவர்". 1914-18 உலகப்போரில் பதுங்குகுழியின் விளிம்பேறித் தாக்கப் பாய்வதையும் இதே தொடரால்தான் சொன்னார்கள்.

உடை, நடிப்பு, கோபம், அலங்காரம் எல்லாவற்றுக்கும் பொருந்தும். வெறுமனே பெரிதாக இருப்பதற்குப் பொருந்தாது. மலையை இப்படிச் சொன்னால் சிரிப்பார்கள். முன்னால் 'வெரி' அவ்வளவாக ஒட்டாது, 'எ பிட்' (கொஞ்சம்) அல்லது 'வே' (ரொம்பவே) போடுங்கள். 'எ பிட்' குறைத்துச் சொல்வதல்ல, நாசூக்கான குத்தல். பெண்ணின் அம்மா காதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்! 'ஓவர் தி டாப்' என்று விரித்து எழுதும்போது, பெயர்ச்சொல்லுக்கு முன் வந்தால் மூன்று சொற்களுக்கும் நடுவே இணைப்புக்கோடு. பின்னால் வந்தால் வேண்டாம். அலுவலகக் கடிதத்தில் 'எக்ஸசிவ்' (அளவுக்கு மீறிய) போதும்.