எட்டு மணி மாத்திரை

டாக்டர் "ரிஜெக்‌ஷன்" என்று சொன்னபோது அம்மா என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் ரேஷன் கார்டு விண்ணப்பம் இரண்டு முறை திரும்பி வந்ததில் அந்த ஒரு சொல் மட்டும் அத்துப்படி. வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் கேட்டாள்: "நான் கொடுத்ததை உன் உடம்பு வேண்டாம் என்கிறதா?"

2018-ல் மதுரையில் அம்மாவின் கிட்னியை எனக்கு வைத்தார்கள். அன்று தொடங்கியது காலை எட்டு, இரவு எட்டு. உடம்பு புதுக் கிட்னியைத் தாக்காமல் தடுக்கும் டாக்ரோலிமஸும் மைக்கோஃபினோலேட்டும் இரண்டு வேளை. பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு காலையில் மட்டும், சாப்பிட்ட பிறகு. "புதுக் கிட்னிதான் வைத்தாயிற்றே, இன்னும் எதற்கு மாத்திரை?" என்று கேட்காத உறவினர் காரைக்குடியில் ஒருவரும் பாக்கி இல்லை. முதல் வருடம் என் முகம் உருண்டையாகிவிட்டது. "இப்போதுதான் லட்சணமாக இருக்கிறாய்" என்றார் பெரியத்தை. லட்சணமெல்லாம் இல்லை, ஸ்டீராய்டு. டாக்ரோலிமஸ் கையில் நடுக்கத்தைக் கொடுத்தது. அந்த மார்கழியில் நான் போட்ட சிக்குக் கோலத்தைப் பார்த்து அம்மா ஒன்றும் சொல்லாமல் மாவுக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள்.

உணவுப் பட்டியலில் "கிரேப்ஃப்ரூட் கூடாது" என்று இருந்தது. கிரேப் என்றால் திராட்சைதானே என்று ஒரு வருடம் வீட்டில் திராட்சையே நுழையவில்லை. அது பம்பளிமாஸ் ஜாதிப் பழம் என்று பிறகுதான் தெரிந்தது. அதிலுள்ள சில பொருள்கள் குடலில் டாக்ரோலிமஸைச் சிதைக்கும் நொதியைக் கட்டிப்போட்டுவிடும். ரத்தத்தில் மருந்து எக்கச்சக்கமாக ஏறிவிடும். சித்தி வீட்டுக் கொல்லையில் பம்பளிமாஸ் மரம் நிற்கிறது. திராட்சையை விலக்கிய அந்த வருடம் முழுவதும் அதைத்தான் உப்பும் மிளகாய்த்தூளும் தூவித் தின்றிருப்பேன். நல்ல வேளையாக அந்த வருடம் மரம் காய்க்கவில்லை.

சிக்கல் மூன்றாம் வருடம் வந்தது. டாக்ரோலிமஸில் வழக்கமான கம்பெனி மாத்திரை கடையில் இல்லை. "கம்பெனிதான் வேறு, மருந்து ஒன்றுதான்" என்று வேறொன்றைக் கொடுத்தார்கள். மில்லிகிராமும் அதேதான். வாங்கிக்கொண்டேன். டாக்டரிடம் சொல்லவில்லை, அந்தத் தவறு என்னுடையது. ஆறு வாரம் கழித்துப் பார்த்தால் கிட்னி மந்தமானால் ரத்தத்தில் ஏறும் கழிவான கிரியாட்டினின் 1.1-லிருந்து 1.7. எனக்கு 5-க்கும் 8-க்கும் நடுவில் இருக்க வேண்டிய டாக்ரோ லெவல், அதாவது ரத்தத்தில் அந்த மருந்தின் அளவு, 3.2. கிட்னியிலிருந்து சிறு துணுக்கெடுத்துப் பயாப்ஸி பார்த்தார்கள். ரிஜெக்‌ஷன்தான். மூன்று நாள் ஸ்டீராய்டை நரம்பில் ஏற்றினார்கள். கம்பெனி மாறியதுதான் காரணம் என்று டாக்டர் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் இந்த மருந்தில் குறைவுக்கும் அதிகத்துக்கும் இடையே இடைவெளி சிறியது, கம்பெனியை மாற்றினால் சில நாளிலேயே லெவல் பார்த்தாக வேண்டும் என்று கடிந்துகொண்டார். அந்தப் பரிசோதனைக்கு ரத்தத்தைக் காலை மாத்திரைக்கு முன்பே கொடுக்க வேண்டும். பழக்க தோஷத்தில் மதுரை பஸ்ஸிலேயே மாத்திரையை விழுங்கிவிட்டு, வெறுங்கையோடு திரும்பி வந்த நாளும் உண்டு.

பெஞ்சில் அம்மா கேட்ட கேள்விக்கு டாக்டரே பதில் சொன்னார். அம்மாவின் உடம்பு அடையாளங்களில் பாதிதான் எனக்கு வந்திருக்கிறதாம். மற்ற பாதி அப்பாவுடையது. எனக்கு வராத அம்மாவின் மறுபாதியை, கிட்னியில் பார்க்கும்போதெல்லாம் என் ரத்த அணுக்கள் அந்நியம் என்று பாய்கின்றனவாம். 1954-ல் பாஸ்டனில் முதன்முதலாக வெற்றிகரமாகக் கிட்னி மாற்றியபோது கொடுத்தவரும் வாங்கியவரும் ஒரே அச்சில் பிறந்த இரட்டையர்கள். அதனால் வாங்கியவருக்கு இந்த மாத்திரைகளே தேவைப்படவில்லை என்றும் சொன்னார்.

அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். "இவளிடமும் பாதி இவள் அப்பாவுடையதுதானே? பத்து மாதம் என் வயிற்றில் வைத்திருந்தேன். என் உடம்பு ஒரு மாத்திரையும் கேட்கவில்லையே" என்றாள்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "சரியான கேள்வி அம்மா" என்றார். கர்ப்பத்தில் மட்டும் உடம்பு அப்படி விட்டுக்கொடுக்கிறது என்று சொன்னவர், எங்களுக்குப் பின்னால் வரிசை நின்றும் கால் மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். டாக்ரோலிமஸ் 1984-ல் ஜப்பானில் சுகுபா என்ற ஊர் மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து வந்தது என்று அன்றுதான் தெரிந்தது. மண் என்றதும் அம்மாவுக்குப் பாதிக் கோபம் தணிந்துவிட்டது.

கிரியாட்டினின் இறங்கி 1.3-ல் நின்றது. அதற்குப் பிறகு மாத்திரை வாங்கும் பொறுப்பை அம்மா எடுத்துக்கொண்டாள். தீர்ந்துபோன அட்டை ஒன்றைச் சுருக்குப்பையில் வைத்திருக்கிறாள். கடையில் புது அட்டையைப் பக்கத்தில் வைத்து, கோலப்புள்ளியைச் சரிபார்ப்பதுபோல எழுத்து எழுத்தாக ஒப்பிடுவாள். போன மாதம் வெறுங்கையோடு வந்தாள். கம்பெனி அதேதான், அட்டையின் நிறத்தை மட்டும் மாற்றியிருக்கிறார்கள் என்று கடைக்காரர் சத்தியம் செய்தாராம்.

"முதலில் டாக்டருக்குப் போன் போடு" என்றாள். மணி ஏழே முக்கால். டப்பாவில் இன்னும் மூன்று நாளைக்கு மாத்திரை இருந்தது.