உறுமி ஏறும்போது கடகடத்த டிக்கி

எங்கள் தெரு அம்மன் கோயில் கொடையில் அடித்த நையாண்டி மேளத்தை ஒரு சின்ன ரெக்கார்டரில் பதிந்து வைத்திருக்கிறேன். அதில் ஓர் இடத்தில் தவிலும் பம்பையும் ஓய்ந்து உறுமி மட்டும் தனியாக நிற்கும். வளைந்த குச்சி தோலில் தேய்ந்து இழுபட, அடியில் தொடங்கும் முனகல் மெல்ல மேலேறி, மறுபடி இறங்கும். அந்த நாற்பது வினாடியைக் காரில் முழுசாகக் கேட்க வேண்டும் என்றுதான் டிக்கியில் சப்வூஃபர், அதாவது அடித்தொனிக்கென்றே இருக்கும் ஸ்பீக்கர், வைத்தேன். 10 அங்குல ஸ்பீக்கர், 18 மில்லிமீட்டர் எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த) பலகையில் செய்த மூடிய பெட்டி, அதற்குத் தனி ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்).

முதல் நாளே மனசு விட்டுப் போயிற்று. உறுமி ஏற ஏற, ஒவ்வொரு உயரத்திலும் ஒவ்வொன்று கடகடத்தது. அடியில் ஒரு தகரம், கொஞ்சம் மேலே போனால் பிளாஸ்டிக், அதற்கும் மேலே ஏதோ கம்பி. சித்தப்பா மகன் வெளியே நின்று கேட்டுவிட்டு, "பாட்டே தெரியலண்ணே, தகரந்தான் தெரியுது" என்றான். உண்மைதான்.

வீடு செங்கோட்டையில், வேலை புனலூரில். வாரத்துக்கு ஒரு முறையாவது புளியரை, ஆரியங்காவு, தென்மலை வழியாகச் சுமார் 50 கிலோமீட்டர் மலைப்பாதையில் போய் வருகிறேன். கார் பத்து வருஷம் ஓடிய செடான். ஒரு மாதம், நான்கு ஞாயிறு இதற்காகச் செலவழித்தேன்.

முதல் ஞாயிறு வீணாய்ப் போன ஞாயிறு. கார் சாமான் விற்கும் கடையில், "டிக்கி முழுக்க ஷீட் ஒட்டிருங்க, சத்தமே வராது" என்றார்கள். நம்பி 2 மில்லிமீட்டர் பியூட்டைல் ஷீட், தகரத்தில் ஒட்டுகிற ரப்பர்த் தாள், பத்து வாங்கினேன். ஒன்று ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும். ஐந்தை டிக்கி மூடியின் உள்பக்கம் ஒட்டினேன், மீதியை இரண்டு பக்கத் தகரத்திலும். சாயங்காலம் மூடியைத் திறந்தால் அது நிற்கவில்லை. மூடியைத் தூக்கிப் பிடிக்கிற முறுக்குக் கம்பிகள் பழைய கனத்துக்கு அளந்து போட்டவை. கூடுதலாக ஐந்து கிலோ ஏறியதும் மூடி மெதுவாகத் தலையை நோக்கி இறங்கியது. கடகடப்போ, பத்தில் இரண்டு பங்கு குறைந்தால் அதிகம். மூன்றாம் நாள் இரண்டு ஷீட்டின் ஓரம் கிளம்பியிருந்தது. ஆனிச் சாரல் விடாமல் பெய்கிற நேரம், தகரம் வியர்த்துக் கிடக்கிறது. துணியால் துடைத்துவிட்டு ஒட்டினால் எப்படிப் பிடிக்கும்? ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் போட்டு எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, ஹேர் டிரையரால் தகரத்தையும் ஷீட்டையும் சூடு காட்டி, சின்ன ரோலரால் அழுத்தித் தேய்த்த பிறகுதான் பிடித்தது.

அன்று ராத்திரி உட்கார்ந்து யோசித்தேன். பியூட்டைல் ஷீட் செய்கிற வேலையை மிருதங்கம் தெரிந்தவர்களுக்கு எளிதாகச் சொல்லலாம். தொப்பி என்கிற இடது பக்கத்தில் ரவையைப் பிசைந்து அப்பினால் கனம் கூடிச் சுருதி கீழே இறங்குமே, அதேதான். கனம் ஏறினால் தகரம் அதிர்கிற எண்ணிக்கை குறையும். அதற்கு மேல் ஒரு வேலையும் இந்த ஷீட்டுக்கு உண்டு. மேலே ஒட்டியிருக்கும் அலுமினியத் தாளுக்கும் கீழே இருக்கும் தகரத்துக்கும் நடுவில் ரப்பர் இழுபட்டு, அதிர்வைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடாக்கித் தின்றுவிடும். ஆக, தனியாக அதிர்கிற தகரத்துக்கு இது நல்ல மருந்து. இரண்டு பொருள் ஒன்றோடொன்று மோதுகிற சத்தத்துக்கு இது மருந்தே இல்லை. என் டிக்கியில் இருந்தது பெரும்பாலும் மோதல். அது எங்கே என்று பார்க்காமலே ஒட்டிவிட்டேன்.

இரண்டாம் ஞாயிறு ஒரு ஷீட்டும் தொடவில்லை. போனில் வேண்டிய சுருதியில் ஒரே சத்தம் தரும் டோன் ஜெனரேட்டர் ஆப் ஒன்றைப் போட்டு, 30 ஹெர்ட்ஸில் (வினாடிக்கு 30 அதிர்வு) ஆரம்பித்து 100 வரை ஒவ்வொன்றாக ஏற்றினோம். தம்பி முன்சீட்டில் உட்கார்ந்து எண்ணைச் சொல்ல, நான் பின்சீட்டை மடக்கிவிட்டு டிக்கிக்குள் தலையை நீட்டிப் படுத்துக்கொண்டேன். காதில் பஞ்சு, கையில் டார்ச், பக்கத்தில் நோட்டு. சத்தம் குறைவாகத்தான் வைத்தோம். கடகடப்பு கேட்கிற அளவுக்கு இருந்தால் போதும்.

40 ஹெர்ட்ஸ் சத்தத்தின் ஒரு அலை சுமார் எட்டரை மீட்டர் நீளம். டிக்கியோ ஒரு மீட்டர் சொச்சம். அதனால் அந்தச் சின்ன அறைக்குள் அலை ஓடுவதில்லை. உள்ளே இருக்கிற காற்று மொத்தமும் ஒரே நேரத்தில் இறுகித் தளர்கிறது, வினாடிக்கு 40 தடவை. 120 டெசிபெல் சத்தத்தில் காற்றழுத்தம் கூடிக் குறைவது 20 பாஸ்கல். ஒரு சதுர மீட்டர் தகரத்தை இரண்டு கிலோ எடையால் தள்ளி, இழுத்து, தள்ளி, இழுத்தால் எப்படியோ அப்படி. தளர்ந்த கிளிப் ஒன்றுகூட அதில் தப்ப முடியாது.

காது ஏமாற்றும் என்பதையும் அன்றுதான் நேரில் கண்டேன். நம் காதுக்கு 40, 50 ஹெர்ட்ஸ் சரியாகக் கேட்காது. ஆனால் இரண்டு தகரம் தட்டிக்கொள்ளும்போது வருவது பல நூறு, ஆயிரம் ஹெர்ட்ஸ் சத்தம். காது அதைக் கூர்மையாகப் பிடிக்கும். அதனால்தான் ஒரு சின்னக் கிளிப்பின் சத்தம் பெரிய ஸ்பீக்கரை அமுக்கிவிடுகிறது. எங்கிருந்து வருகிறது என்பதும் தெளிவாகத் தெரியாது. 55 ஹெர்ட்ஸில் இடது பின்விளக்குப் பக்கம்தான் என்று சத்தியம் செய்திருப்பேன். இறங்கிப் போய் நம்பர் பிளேட்டில் விரலை வைத்தேன். சட்டென்று நின்றது. விரலை எடுத்தேன், மறுபடி ஆரம்பித்தது. அதன் பிறகு காதை நம்பவில்லை, கையை நம்பினேன். கை வைத்து நின்றால்தான் நோட்டில் எழுதுவது.

பின்சீட்டுக்குப் பின்னால் இருக்கும் தகரத் தட்டுக்கு மட்டும் கை போதவில்லை. அகலமான தட்டு, எந்த இடத்தில் அதிர்கிறது என்று தெரியவில்லை. மேல் அட்டையைக் கழற்றிவிட்டு அம்மாவிடம் கொஞ்சம் கோலமாவு கேட்டேன். "கோலமாவை எதுக்குல காருக்குள்ள?" என்று கேட்டுக்கொண்டே டப்பாவோடு வந்துவிட்டாள். தட்டின் மேல் மெல்லியதாகத் தூவி 43 ஹெர்ட்ஸ் வைத்தோம். நடுவில் இருந்த மாவு எள்ளுப் பொரிகிற மாதிரித் துள்ளி விலகியது. தகரத்தை மடித்து வரம்பு போட்டிருந்த இடங்களில் அசையாமல் படிந்து நின்றது. எங்கே துள்ளுகிறதோ அங்கேதான் ஷீட் தேவை. 1787-இல் ஜெர்மனியில் கிளாட்னி என்பவர் உலோகத் தகட்டில் மணல் தூவி, ஓரத்தில் வில்லால் இழுத்துப் பார்த்த சோதனை இதுதான். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இது தானாப் போடுற கோலமால்லா இருக்கு" என்றாள். சாயங்காலம் வரைக்கும் அங்கேயே நின்றாள்.

அன்று நோட்டில் விழுந்தவை: ஸ்டெப்னிக் குழியில் ஜாக்கிக் கைப்பிடி 36, தகரத் தட்டு 43, நம்பர் பிளேட் 52 முதல் 58 வரை, பின்கண்ணாடி பிரேக் விளக்கின் பிளாஸ்டிக் மூடி 63, பின்சீட்டு லாக் 70, மூடியின் லாக் வளையம் அங்கங்கே.

மூன்றாம் ஞாயிறு முழுக்கச் சரிசெய்யும் வேலை. முதலில் டிக்கி மூடியிலிருந்த ஐந்து ஷீட்டில் மூன்றைப் பிய்த்தேன். பிய்ப்பது லேசில்லை, ஒட்டுகிற வேலையைவிட மூன்று மடங்கு நேரம். மிஞ்சிய கறுப்புப் பிசினை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்தேன். பியூட்டைல் ஷீட் தகரம் முழுக்க இருக்க வேண்டியதில்லை. அதிர்கிற பலகையின் நடுவில் கால்வாசி, மூன்றில் ஒரு பங்கு மூடினாலே பெரும்பகுதி பலன் வந்துவிடுகிறது.

நம்பர் பிளேட் புது மாதிரி, உயர் பாதுகாப்புப் பிளேட். கழற்றவே முடியாத பூட்டால் மாட்டியிருக்கிறார்கள், உடைத்தால்தான் வரும். அதைத் தொடாமல் 5 மில்லிமீட்டர் ஃபோம் டேப்பைக் குறுகலாக வெட்டி, நாலு ஓரத்திலும் பின்பக்கமாக ஸ்கேலால் உள்ளே தள்ளினேன். கீழ் நடுவில் ஃபெல்ட் துணியை இரண்டாக மடித்துச் செருகினேன். எண்ணும் ஹாலோகிராமும் மறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். செலவு நூறு ரூபாய்க்கும் கீழே. மொத்தக் கடகடப்பில் பாதி இதோடு போயிற்று.

மூடியின் இரண்டு மூலையிலும் ரப்பர்க் குமிழ் இருக்கும். அதைத் திருகினால் உயரம் கூடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. எனக்கும் அன்றுதான் தெரியும். இரண்டு சுற்று வெளியே எடுத்ததும் மூடி இறுக்கமாக உட்கார்ந்தது. லாக் மாட்டுகிற வளையத்தின் போல்ட்டைத் தளர்த்தி ஒரு மில்லிமீட்டர் கீழே இறக்கி முடுக்கினேன். பின்சீட்டு லாக் கம்பியில் ஃபெல்ட் டேப் ஒரு சுற்று. பிரேக் விளக்கு மூடிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் மெல்லிய ஃபோம். உள்ளே ஓடும் ஒயர்கள் மீது துணி டேப். ஜாக்கியையும் கைப்பிடியையும் பழைய டியூப் ரப்பரில் சுற்றிக் கட்டினேன். தகரத் தட்டில் கோலமாவு துள்ளிய இரண்டு இடத்தில் மட்டும் ஷீட்.

ஸ்டெப்னியைத் தூக்கியபோதுதான் ஒரு கிண்ணம் தண்ணீர் அடியில் நிற்பது தெரிந்தது. டிக்கி வாயைச் சுற்றி வரும் பீடிங் ரப்பர் மேல் பக்கம் கட்டையாக இறுகி வெடித்திருந்தது. சாரல் அதன் வழியாக உள்ளே போயிருக்கிறது. அதே இறுகிய ரப்பர்தான் மூடியைத் தாங்காமல் ஆடவும் விட்டிருக்கிறது. சத்தத்தைத் தேடிப் போனதால் துருவிலிருந்து தகரம் தப்பியது. பீடிங்கை மாற்றினேன். குழியின் அடியில் இருந்த நீர்ப்போக்கு அடைப்பானைச் சுற்றி ஷீட் எதுவும் ஒட்டவில்லை. அந்த வழிகளை யாரும் மூடிவிடாதீர்கள்.

பெட்டியும் குற்றவாளிதான். ஸ்டெப்னி மேல் போட்ட பலகையில் சும்மா உட்கார்ந்திருந்தது. தரையில் துளை போட்டு அடிக்கச் சொன்னார்கள், எனக்குத் துணிவில்லை. டிக்கித் தரைக்கு அடியில் பெட்ரோல் டேங்க், குழாய், ஒயர் எது ஓடுகிறது என்று தெரியாமல் துளைக்கவே கூடாது. அடியில் ரப்பர் பாய் விரித்து, ஏற்கெனவே இருக்கும் சாமான் கொக்கிகளில் பெல்ட் மாட்டி இழுத்துக் கட்டினேன். அசையவில்லை.

நான்காம் ஞாயிறு ஆம்ப். அடித்தொனியை மட்டும் உள்ளே விடுகிற லோ பாஸ் ஃபில்டரை 100 ஹெர்ட்ஸிலிருந்து 75-க்கு இறக்கினேன், ஆம்ப் எவ்வளவு பெருக்க வேண்டும் என்பதை வைக்கும் கெயினைக் குறைத்தேன். அடித்தொனியைக் கூடுதலாகத் தூக்கும் பேஸ் பூஸ்ட்டைச் சுழியில் வைத்தேன். பெரும்பாலான ஆம்ப்களில் அது 45 ஹெர்ட்ஸை ஒட்டித்தான் தூக்கிக் கொடுக்கும். என் தகரத் தட்டு அதிர்ந்ததோ 43-இல். இவ்வளவு நாள் அந்தக் குமிழை முக்கால் வரை திருப்பி வைத்திருந்தேன்.

அடுத்த நாள் விடியற்காலை புளியரைச் சாலையில், இரண்டு பக்கமும் வயல் இருக்கிற நேர்வழியில், உறுமியைப் போட்டேன். தம்பி பக்கத்தில். முனகல் அடியிலிருந்து எழுந்தது. 36 கடந்தது, 43 கடந்தது. எந்த இடம் எந்த எண் என்று இப்போது எனக்கு உடம்பிலேயே தெரிகிறது. நம்பர் பிளேட் இடம் வந்தபோது மூச்சைப் பிடித்துக்கொண்டேன். ஒன்றும் இல்லை. தோலில் குச்சி தேய்கிற சொரசொரப்பு தனியாகக் கேட்டது. உறுமிக்காரர் இழுப்பை மாற்றும் முன் ஒரு நொடி நிறுத்துகிறார், அதை முதல் தடவையாக அன்றுதான் கேட்டேன். தம்பி திரும்பப் போடச் சொன்னான். மூன்று தடவை போட்டோம்.

மாநில எல்லைச் செக்போஸ்ட் தாண்டினால் காடு. செந்துருணி வனவிலங்கு சரணாலயமும் தென்மலையை ஒட்டித்தான் இருக்கிறது. அங்கே நான் சப்வூஃபரை அணைத்துவிடுவேன், எப்போதும் அப்படித்தான். ஆரியங்காவு வளைவுகளில் சாரல் கூரையில் விழுகிற சத்தம் மட்டும். டிக்கியிலிருந்து ஒரு முணுமுணுப்பும் இல்லை. கழுதுருட்டி பக்கம், 13 கண் ரயில் பாலம் தெரிகிற இடத்துக்குச் சற்று முன் சாலை குண்டும் குழியுமாக இருக்கிறது. அங்கே மட்டும் இடது பின்பக்கத்தில் ஒரு டிக், டிக். இந்தத் தடவை நிஜமாகவே பின்விளக்காக இருக்கலாம். அந்த விளக்கின் நட்டுகளையும் அதற்குப் பின்னால் இருக்கும் கேஸ்கெட்டையும் வருகிற ஞாயிறு கழற்றிப் பார்க்கப் போகிறேன்.