கோல்ட்விங் கைமாறுது

நம்ம ஹோண்டா கோல்ட்விங் ஜிஎல்1000 பைக்கை வித்துடலாம்னு முடிவு பண்ணிட்டேன். 1975 மாடல், 999 சிசி, பின்சக்கரத்தைச் சுத்த செயின் கிடையாது, ஷாஃப்ட்தான் (சுழலும் இரும்புத் தண்டு). பெட்ரோல் டேங்க் சீட்டுக்கு அடியில. மேல டேங்க் மாதிரி தெரியுறது வெறும் மூடி. திறந்தா வயரிங்கும் டூல்ஸும்!

டைமிங் பெல்ட் (எஞ்சின் வால்வுகளைச் சரியான நேரத்துல திறந்து மூட வெக்கிற ரப்பர் பெல்ட்) ரெண்டும் புதுசு, பில் இருக்கு. யாரோட பழைய கோல்ட்விங்கை வாங்கினாலும் இதை முதல்ல கேளுங்க. பெல்ட் அறுந்தா வால்வு பிஸ்டன்ல இடிச்சு எஞ்சினே காலி. கிலோமீட்டர் கம்மியா ஓடியிருக்குன்னு சொன்னா நம்பி ஏமாறாதீங்க, ரப்பருக்கு வயசுதான் கணக்கு.

இடது பக்கப் பெட்டியில ஒரு கீறல், க்ரோம்ல அங்கங்க துருப்புள்ளி. மறைக்கல.

நீங்க வர்றதுக்கு முன்னாடியே எஞ்சினை ஓட்டிச் சூடாக்கி வெக்க மாட்டேன். எஞ்சின் ஆறியிருக்கான்னு தொட்டுப் பார்த்துட்டு நீங்களே ஸ்டார்ட் பண்ணுங்க. டெஸ்ட் ரைடுக்கு முழுப் பணம் என் கையில, அப்புறம்தான் சாவி. கோவிச்சுக்காதீங்க. ஓட்டறவங்க மட்டும் இன்பாக்ஸ் வாங்க.