விண்டோஸ் 11 தனியுரிமைப் பொத்தான்கள்: எது தடுக்கும், எது தடுக்காது

புதிய கணினியை முதன்முதலாக இயக்கும்போது வரும் தனியுரிமைத் திரையை நம்மில் பெரும்பாலோர் படிப்பதில்லை. இருப்பிடம், கண்டறிதல் தரவு (கணினியின் இயக்கமும் பிழைகளும் பற்றி மைக்ரோசாஃப்டுக்குப் போகும் விவரம்), தட்டச்சு விவரம், விளம்பர அடையாள எண் என எல்லாமே ‘ஆம்’ என்ற நிலையில் இருக்க, ஒப்புதல் கொடுத்துவிட்டு மேலே போய்விடுகிறோம். பிறகு ஒருநாள் ஏதோ ஒரு காணொளியைப் பார்த்துப் பதறி, அமைப்புகளுக்குள் நுழைந்து கண்ணில் பட்டதையெல்லாம் அணைக்கிறோம். அப்படி அணைப்பதால் வரும் நிம்மதிக்கு அவ்வளவாக ஆதாரம் கிடையாது. அந்தப் பொத்தான்களில் சில மெய்யான பூட்டுகள். சிலவோ ‘அனுமதியின்றி உள்ளே வராதீர்’ என்று வாசலில் மாட்டிய பலகைகள்.

கேமராவையே எடுத்துக்கொள்வோம். விண்டோஸ் விசையையும் ஐ விசையையும் சேர்த்து அழுத்தி, தனியுரிமை மற்றும் பாதுகாப்பு என்ற பகுதியில் கேமராவைத் திறந்தால், மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து வந்த செயலிகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பொத்தான் இருப்பதைக் காணலாம். அந்தப் பட்டியலின் கீழே, டெஸ்க்டாப் செயலிகள் அனைத்துக்கும் பொதுவாக ஒரே ஒரு பொத்தான் இருக்கும். குரோம் உலாவி உட்பட, இணையதளத்திலிருந்து நாமே இறக்கி நிறுவும் நிரல்களில் பெரும்பாலானவை அந்த ஒற்றைப் பொத்தானுக்குள்தான் அடங்குகின்றன. அதை அணைத்த பிறகும் சில நிரல்கள் வேறு வழியில் கேமராவை எட்டக்கூடும் என்பதை மைக்ரோசாஃப்ட் தன் உதவிப் பக்கத்திலேயே ஒப்புக்கொள்கிறது. எனவே மடிக்கணினியின் கேமராவுக்கு மேல் இருக்கும் சிறு மூடியை நகர்த்தி வைப்பதையே நான் நம்புகிறேன். ஒலிவாங்கிக்கு அத்தகைய மூடி இல்லையென்பதால், அதை எந்த நிரல் கடைசியாக எப்போது பயன்படுத்தியது என்று அதே பக்கத்தில் காட்டப்படும் நேரத்தை அவ்வப்போது பார்ப்பது நல்லது.

நான் அதிகம் கவனிப்பது கண்டறிதல் தரவைத்தான். 2015-இல் விண்டோஸ் 10 வெளியானது முதல் சர்ச்சைக்குள்ளாகிவரும் பகுதி இது. பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையம், அளவுக்கு மீறித் தரவு திரட்டப்படுவதாக 2016 ஜூலையில் மைக்ரோசாஃப்டுக்கு முறையான எச்சரிக்கை விடுத்தது. அடிப்படை நிலையில் திரட்டப்படும் தரவை நிறுவனம் ஏறத்தாழப் பாதியாகக் குறைத்த பிறகு, 2017-இல் ஆணையம் அந்த நடவடிக்கையை முடித்துக்கொண்டது. இன்று விண்டோஸ் 11-இல் கட்டாயத் தரவு, விருப்பத் தரவு என்று இரண்டே நிலைகள் உள்ளன. ஹோம், புரோ பதிப்புகளை வைத்திருப்பவர்கள் அமைப்புகள் பக்கத்தின் வழியே கட்டாயத் தரவை நிறுத்த முடியாது. விருப்பத் தரவை நிறுத்தலாம், நிறுத்தவும் வேண்டும். எட்ஜ் உலாவியில் பார்த்த தளங்களின் விவரம் அதில் அடங்கும் என்பது ஒரு காரணம். ஒரு நிரல் செயலிழக்கும் தருணத்தில் நினைவகத்தில் இருந்த கோப்பின் சில பகுதிகளும் பிழை அறிக்கையோடு சேர்ந்து போய்விட வாய்ப்புண்டு என்பது அதைவிடப் பெரிய காரணம்.

அதே பக்கத்தில், கண்டறிதல் தரவைப் பார்ப்பதற்கென்று 2018 முதல் ஒரு வசதி உள்ளது. வட்டில் 1 ஜிபி வரை இடம் கேட்கும். அதைத் திறந்தால் இடப்பக்கம் நிகழ்வுகளின் பெயர்களும், வலப்பக்கம் அடைப்புக்குறிகளும் எண்களும் நிறைந்த மூல வரிகளுமாக விரியும். எல்லாம் புரிந்துவிடும் என்று சொல்லமாட்டேன். ஆனால் எந்த நிரலின் பெயர் எவ்வளவு அடிக்கடி தென்படுகிறது என்பதைக் கவனித்தாலே ஓரளவு தெளிவு பிறக்கும். சேர்ந்த தரவை அழிக்கும் பொத்தானும் அங்கேயே இருக்கிறது.

விளம்பர அடையாள எண்ணை அணைத்தால் விளம்பரங்களின் எண்ணிக்கை குறையாது. அவை நம்மைக் குறிவைப்பது மட்டும் குறையும். அணைத்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.

செயற்கை நுண்ணறிவுப் பணிகளுக்கெனத் தனிச் சில்லு கொண்ட கோபைலட் பிளஸ் வகைக் கணினி வைத்திருப்பவர்கள் ரீகால் வசதியைத் தவறாமல் பார்க்கவேண்டும். திரையைச் சில நொடிகளுக்கு ஒருமுறை படமெடுத்துச் சேமித்து, பிற்பாடு தேடித் தரும் இவ்வசதி 2024 மே மாதத்தில் அறிவிக்கப்பட்டபோது எழுந்த எதிர்ப்பினால் தள்ளிவைக்கப்பட்டு, பயனர் தாமே இயக்கினாலன்றி இயங்காதபடி மாற்றப்பட்டு, 2025 ஏப்ரலில் வெளிவந்தது. படங்கள் கணினியிலேயே தங்குகின்றன என்பது உண்மை. ஆயினும் உங்களுடன் உரையாடியவர் தம் செய்தி படமெடுக்கப்படுவதற்கு ஒப்புதல் தரவில்லை அல்லவா? சிக்னல் என்ற செய்திப் பரிமாற்றச் செயலி தன் சாளரத்தை ரீகால் படமெடுக்க முடியாதபடி மறைத்துக்கொண்டது இதனால்தான். வேண்டாதவர்கள் விண்டோஸ் அம்சங்களின் பட்டியலில் இதைத் தேர்வுநீக்கிக் கணினியிலிருந்தே அகற்றிவிடலாம்.

எல்லாவற்றையும் ஒரே சொடுக்கில் அணைத்துத் தருவதாகச் சொல்லும் இலவச நிரல்களையும் ஸ்கிரிப்டுகளையும் நான் பரிந்துரைப்பதில்லை. அவற்றுள் சில பாதுகாப்புப் புதுப்பிப்புகளையும் சேர்த்தே முடக்குகின்றன. எதை மாற்றின என்பதும் பின்னர் தெரியாது. பயன்படுத்தியே தீரவேண்டுமெனில், கணினி அமைப்புகளைப் பழைய நிலைக்குத் திருப்ப உதவும் ஒரு மீட்டெடுப்புப் புள்ளியை முதலில் உருவாக்கி வையுங்கள்.