கழிவு: குடியாத்தம் பக்கம் ஒரு விவாத அரங்கு, வேலைக் குறிப்புகள்

ஆகஸ்ட் 19

பங்குனியில் தொடங்கும் பாரதக்கூத்து ஆடியோடு பெரும்பாலும் ஓய்ந்துவிடும். இந்த நாடகத்துக்குக் கூத்துக் கலைஞர்கள் கைக்குக் கிடைப்பது இனிமேல்தான்.

எடுத்துக்கொண்ட பிரச்சினை, பீடி சுற்றும் பெண்களுக்கு விழும் கழிவு. கூலி 1000 பீடிக்கு இவ்வளவு என்று கணக்கு. கொண்டுபோனதில் ஒரு பங்கை, கம்பெனிக்காக இலை கொடுத்துப் பீடி வாங்கும் ஏஜெண்ட் ‘கழிவு’ என்று ஒதுக்கினால் அதற்குக் காசு இல்லை, ஒதுக்கிய பீடியும் திரும்பி வராது. இலையை எடை குறைத்துக் கொடுப்பது தனிக் கதை. அதையும் சேர்த்தால் நாடகம் குழம்பும்.

வடிவம் விவாத அரங்கு (Forum Theatre), பிரேசிலின் நாடகக்காரர் அகஸ்டோ போவால் 1970களில் வளர்த்தெடுத்தது. முதல் ஓட்டம் தோல்வியில் முடியும். இரண்டாம் ஓட்டத்தில் பார்ப்பவர்கள் ‘நிறுத்து’ என்று சொல்லி, பாதிக்கப்பட்டவர் இடத்தில் தாங்களே நின்று வேறு வழி பார்ப்பார்கள்.

ஆகஸ்ட் 21

காட்சி 12 நிமிடம் போதும். விஷயமே இரண்டாம் ஓட்டத்தில் இருக்கிறது, அதற்கு 40 நிமிடமாவது ஒதுக்க வேண்டும். பாத்திரங்கள் நான்கு: சுற்றுபவள், மாமியார், பக்கத்து வீட்டுக்காரி, ஏஜெண்ட்.

சுற்றுபவள் வேறு மாதிரி நடந்துகொள்ள மூன்று இடமாவது வேண்டும். இலை வாங்கும்போது, பீடி எண்ணும்போது, முன்பணம் கேட்கும்போது என்று வைத்திருக்கிறது. ஏஜெண்ட் அடித்துத் துரத்துவதாக எழுதினால் அவள் செய்ய எதுவும் மிஞ்சாது. கூட்டம் ‘அய்யோ பாவம்’ என்று எழுந்து போய்விடும்.

ஆகஸ்ட் 24

ஒத்திகை. ஏஜெண்டாக வருபவர் துரியோதனன் கட்டிப் பழகியவர், குரலும் காலும் அப்படியே வருகிறது. அது உதவாது. நிஜ ஏஜெண்ட் கத்துவதில்லை. 25 பீடிக் கட்டைக் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தி, ‘லூசா இருக்குதேம்மா, கம்பெனியில வாங்கமாட்டன்றான், நான் இன்னா பண்றது’ என்று ஓரமாகத் தள்ளுவார். அந்தக் கைதான் காட்சி. மூன்று முறை மெதுவாகச் செய்து பார்க்க வேண்டியிருந்தது.

கூட்டத்தோடு பேச, கூத்தில் கதையை நடத்திப்போகும் கோமாளி, கட்டியங்காரன் இருக்கவே இருக்கிறார். ராஜாவையே நிறுத்திக் கேலி பேசிப் பழகிய வாய். சிக்கல், தீர்வையும் அவரே சொல்லிவிடுவார். அவருக்குக் கேள்வி மட்டும் என்று கறார் செய்தாகிவிட்டது: ‘இது நடக்குமா? அடுத்த வாரம் இலை குடுப்பானா? வேற யாரு?’

ஆகஸ்ட் 28

ஆட்டம். சரக்கு ஒப்படைக்கும் நாளும் சீரியல் நேரமும் தவிர்த்தது. இடம் 15 அடிக்கு 15 அடி, மூன்று பக்கமும் பாய். முகவீணையும் மிருதங்கமும் பத்து நிமிடம், கூட்டம் சேர்ந்ததும் நிறுத்தம். அதற்குமேல் போனால் விடிய விடியக் கூத்து என்று நினைத்து உட்கார்ந்துவிடுவார்கள். செல்போனில் படம் எடுக்கத் தடை. ஏஜெண்டை எதிர்த்துப் பேசும் முகம் வீடியோவில் ஓடினால் மறுநாள் அந்த வீட்டுக்கு இலை வராது.

பெண்கள் எழுந்து வரமாட்டார்கள். அதனால் சுற்றுபவள் மடியில் வைத்துப் பீடி சுற்றும் முறத்தைக் கைமாற்றிவிட வேண்டும். மடியில் முறம் வாங்கியவர்தான் சுற்றுபவள். உட்கார்ந்த இடத்திலேயே பேசலாம், ஏஜெண்ட் அவரிடம் போவார்.

முதலில் திட்டுதான் வந்தது. ஏஜெண்ட் அசையவில்லை: ‘சரிம்மா, நாளைக்கு வேற எடத்துல இலை வாங்கிக்கோ.’ ஓர் ஆள் முறத்தை வாங்கி கலெக்டர் வந்துவிட்டார் என்றார். ‘யார் கூப்ட்டது? என்னிக்கி?’ என்று கட்டியங்காரன் கேட்டதும் சிரிப்பு, முறம் அடுத்த கைக்குப் போனது. இப்படி வரத்தான் செய்யும். மறுக்காமல் கூட்டத்திடமே விட்டுவிட வேண்டும்.

பிறகு வந்தது உருப்படியான யோசனை: ‘கழிவுன்னா என் எதிர்லயே நறுக்கிப் போடு.’ நறுக்கிவிட்டால் அதை விற்க முடியாது, ஏஜெண்டுக்கு ஒதுக்குவதில் லாபமில்லை. தனியாளாகச் சொன்னபோது எடுபடவில்லை. ஐந்து பேர் ஒரே நேரத்தில் சரக்கோடு வந்து கேட்டதும்தான் ஏஜெண்ட் நடிகர் தடுமாறினார்.

ஆகஸ்ட் 29

யார் சொன்னது என்று எழுதாமல், என்ன செய்தார்கள், ஏஜெண்ட் என்ன பதில் சொன்னார் என்று மட்டும் சார்ட்டில் ஏற்றியாயிற்று. போவால் 1993 முதல் 1996 வரை ரியோ டி ஜெனிரோவில் கவுன்சிலராக இருந்தபோது, இப்படி வந்த யோசனைகளைச் சட்ட முன்வரைவுகளாகவே மாற்றினார். இங்கே சார்ட் போக வேண்டிய இடம் பீடித் தொழிலாளர் சங்கக் கூட்டம்.

ஏஜெண்ட் நடிகருக்கு ஒரு வேலை பாக்கி: ஐந்து பேரில் ஒருத்திக்கு மட்டும் கூடுதல் இலை தருவதாகச் சொல்லிப் பிரிக்கும் பேச்சு. அடுத்த தெருவில் அதோடுதான் தொடங்க வேண்டும்.